கூடுதல் நேரம், கீழ்த்தள வகுப்பு: பள்ளியில் கேட்டபோது என்ன நடந்தது?

ஈரோடு அம்மா:
மகன் ஒன்பதாவது. டிஸ்லெக்ஸியா, அதாவது படிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு. அதற்கான சான்றிதழ் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. அரையாண்டு சமூக அறிவியல் பரீட்சையன்று கூட்டிவரப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மணி அடித்ததும் டீச்சர் இவன் தாளை இழுக்கிறார். "மிஸ், எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் தாளை அழுத்திப் பிடிக்கிறான். மூலை கிழிந்தது. மொத்த வகுப்பும் பார்த்தது. கேட்டதற்கு, "அதெல்லாம் பத்தாவது பப்ளிக்குக்குத்தான்மா" என்றார்கள். மார்க் போனால் போகட்டும். அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது.

மாடிப்படி அப்பா:
மகளுக்குத் தசைச்சிதைவு, வீல்சேர். ஏழாம் வகுப்பு மாடியில். கீழே மாற்றக் கேட்டால், "ஒரு பிள்ளைக்காக நாற்பது பேரை இறக்க முடியுமா சார்?" தினமும் நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒருநாள் படியில் என் காதோரம், "பாத்ரூம் கீழே இருக்குன்னு நான் தண்ணியே குடிக்கறதில்லப்பா" என்றாள். மூன்று மாதமாக அப்படியாம்.

கணக்கு டீச்சர்:
ஈரோடு அம்மா, அந்த டீச்சர் மேல் மட்டும் கோபப்படாதீர்கள். சான்றிதழ் ஆபீஸ் பீரோவில் கிடக்கும், ஹாலுக்கு வருகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. நானும் ஒரு பையனிடம் தாளை வாங்கியிருக்கிறேன். அப்புறம் விஷயம் தெரிந்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ், பழகிடுச்சு" என்றான்.

குறைபார்வை:
டீச்சர், 'தெரியாது' என்பதை ஏற்கவே முடியாது. பெரிய எழுத்தில் கேள்வித்தாள் கேட்டதற்கு என்னைப் பூதக்கண்ணாடி வாங்கச் சொன்னார்கள். அது 1990கள். இப்போது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது, 2017 ஏப்ரலிலிருந்து நடைமுறையில். 1995 சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாடு, இதன் 21 வகைகளில் ஒன்று. 16-ஆம் பிரிவு அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும், தனியார் பள்ளியும் தப்ப முடியாது. கட்டடமும் வளாகமும் பிள்ளை போய்வரும்படி இருக்க வேண்டும் என்பதும் அதில்தான், மாடிப்படி அப்பா. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு எல்லாம் 17-ஆம் பிரிவு. 'பொதுத்தேர்வுக்கு மட்டும்' என்று அதில் எங்கும் இல்லை. அதனால் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். பிரிவு எண்ணைப் போட்டுக் கடிதம் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். பதில் இல்லையா, முதன்மைக் கல்வி அலுவலர். அதற்கும் அசையவில்லையா, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று, சொல்வதை எழுதுபவரைத் தர மறுத்தால், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொன்னதைக் காட்டுங்கள்: அந்த அளவு இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. கடிதத்தில் 'சலுகை' என்று எழுதாதீர்கள். உரிமை என்றே எழுதுங்கள்.

மாடிப்படி அப்பா:
ஐயா, பள்ளியையே மாற்றிவிட்டோம். இந்த எண்கள் அன்று தெரிந்திருந்தால் மாற்றியிருக்க மாட்டேன். அவள் தோழிகள் எல்லாம் அங்கேதான்.

ஈரோடு அம்மா:
கடிதம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே தாளைக் கட்டிக் கொடுத்துவிடுகிறான், பாதி எழுதாமல். ஒரு மணி நேரம் கிடைத்தாலும் உட்கார்ந்து எழுதுவானா என்று பயமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை எப்படி மறுபடி உட்கார வைத்தீர்கள்?