பழைய நிலப் பத்திரங்களைக் கொண்டு மொரீஷியசின் காட்டை வரைய முடியுமா?

மொக்கா வாசகி:
வணக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்து நிலக்கொடைப் பத்திரங்களின் நகல்கள் சில என்னிடம் உள்ளன. எல்லை சொல்லும் இடங்களில் ஆறு, ஓடைகளோடு கருங்காலி, நாத்து, கொலோஃபான் முதலிய மரங்களும் குறிக்கப்பட்டுள்ளன. கரும்பு பரவுமுன் எந்த மரம் எங்கே நின்றது என்பதை கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் வரைய விரும்புகிறேன். ஆனால் பத்திரத்தின் தூரமும் திசையும் இன்றைய வரைபடத்தோடு பொருந்தவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நில அளவர்:
அம்மா, அளவுகளை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சு நீள அளவான ஒரு துவாஸ் ஏறத்தாழ 1.949 மீட்டர், நிலப்பரப்பு அளவான நம் ஆர்ப்பான் 0.4221 ஹெக்டேர். திசைகள் காந்த வடக்கைக் கொண்டு எழுதப்பட்டிருந்தால், பத்திரம் எழுதிய ஆண்டுக்குரிய காந்த விலக்கத்தை (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணத்தை) திருத்தாதவரை எல்லை முழுவதும் சுழன்றே நிற்கும். பழைய வரைபடத்தைப் பொருத்த லெ பூஸ், பீட்டர் போத் சிகரங்களையும் ஆறுகள் கூடும் இடங்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். சாலைகளை நம்ப வேண்டாம். லெ பூஸ் 1934 என்னும் நில அளவை ஆதாரத்தில் அமைந்த மொரீஷியஸ் கட்டத்தில், அதாவது இத்தீவுக்கான ஆயத்தொலை முறையில், வேலை செய்வது நல்லது.

காட்டியல் மாணவர்:
இடம் பொருந்திய பிறகுதான் கடினமான பகுதி வருகிறது. அமெரிக்காவில் 1785 சட்டத்தின்படி தொடங்கிய அரசு நில அளவையில் மூலைக்கல்லுக்கு அருகே நின்ற மரங்களைக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து பழைய காட்டின் கலவையைக் கணிக்கும் ஆய்வாளர்கள், அளவர் எளிதில் அடையாளம் காணக்கூடிய, நெடுநாள் நிற்கும் மரத்தையே விரும்பித் தேர்ந்திருக்கலாம் என்பதை எப்போதும் கணக்கில் கொள்கிறார்கள். நம் பத்திரங்களுக்கும் அது பொருந்தும், அதற்கு மேலும் ஒன்று உண்டு. டச்சுக்காரர் 1638 முதலே இங்கே கருங்காலியை வெட்டினர். ஆகவே 18-ஆம் நூற்றாண்டுப் பத்திரத்தில் அந்த மரம் இல்லை என்றால் அது அங்கே ஒருபோதும் வளரவில்லை என்று கொள்ளக் கூடாது. "குறிப்பு இல்லை" என்பதையும் "மரம் இல்லை" என்பதையும் தயவுசெய்து வெவ்வேறு நிறத்தில் காட்டுங்கள். நாத்து என்பது ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சுட்டுவதால், அதை ஓர் இனமாகப் பிரிக்காமல் அந்தப் பெயரிலேயே விட்டுவிடுவது நேர்மையானது.

மரத்தைப் புள்ளியாக வைக்காமல், பிழையின் அளவுக்கு ஏற்ற வட்டமாக வரைந்து, அதன்மேல் உயரமும் மழையும் கொண்ட அடுக்குகளை இடுங்கள். ஒப்பிடுவதற்கு ரிவியேர் நுவார் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் எஞ்சியுள்ள மேட்டுக் காடு உதவும். கரையோரத்து வறண்ட காட்டுக்கு அது உதவாது. அதற்கு மஹேபூர் அருகிலுள்ள இல் ஒ செக்ரெத் தீவில் மிஞ்சியிருக்கும் கருங்காலிக் காட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மொக்கா வாசகி:
மிக்க நன்றி. ஆற்றை எல்லையாகக் கொண்ட பத்திரங்களை முதலில் பொருத்துகிறேன். பிழை வட்டத்தின் அளவை ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனியே குறிக்க வேண்டுமா?

நில அளவர்:
ஆம், தனித்தனியேதான். ஆற்றங்கரையில் தொடங்கும் எல்லையில் பிழை குறைவாக இருக்கும்; பக்கத்து நிலத்தைச் சார்ந்தே விவரிக்கப்பட்ட எல்லையில் அந்த நிலத்தின் பிழையும் சேர்ந்துகொள்ளும்.