ஓட்டப் பயிற்சிக்குப் பிறகு எல்டிஎல் கூடியிருப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். மாரத்தான் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பு என் ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 220, எச்டிஎல் எனும் நல்ல கொலஸ்ட்ரால் 42, ட்ரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பு 210, எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 136 என்று இருந்தன. இப்போது மொத்தம் 218, எச்டிஎல் 46, ட்ரைகிளிசரைடு 130. மற்றவை நல்ல திசையில் நகர்ந்திருக்க, எல்டிஎல் மட்டும் 146-க்கு ஏறியிருப்பது கவலையளிக்கிறது. நெடுந்தூர ஓட்டத்தால் எல்டிஎல் கூடுமா?

மறுமொழி 1:
நெடுநேரம் ஓடும்போது தசைகள் கொழுப்பை எரிபொருளாக்குகின்றன. தசைகளின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்னும் நொதியின் செயல்பாடு கூடி, ரத்தத்தில் மிதக்கும் ட்ரைகிளிசரைடைச் சிதைக்கிறது. எச்டிஎல் சற்று உயர்வதும் இதையொட்டியே. எல்டிஎல் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இணையான பயிற்சி செய்தவர்களுக்கும் எல்டிஎல்லின் மொத்த அளவு மாறவில்லை. ஆனால் அதிலுள்ள சிறிய, அடர்ந்த துகள்கள் குறைந்தன. வேகத்தைவிடப் பயிற்சியின் அளவே முக்கியம் என்பதும் அதில் தெரியவந்தது.

மறுமொழி 2:
உங்கள் அறிக்கையில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன். பல ஆய்வகங்கள் 1972-இல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரத்தைப் பின்பற்றி, மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வருவதை எல்டிஎல் என்று அச்சிடுகின்றன. முன்பு 220-இலிருந்து 42-உம் 42-உம் கழிய 136. இப்போது 218-இலிருந்து 46-உம் 26-உம் கழிய 146. கழிக்கப்படும் ட்ரைகிளிசரைடு பங்கு சுருங்கியதால்தான் மீதி பெருகியிருக்கிறது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 178 ஆக இருந்தது 172 ஆகியிருக்கிறது. தமனிகளில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் முழுவதையும் உள்ளடக்கிய இந்த எண் குறைந்திருக்கும்போது, ஓட்டத்தைக் குற்றம் சொல்ல இடமில்லை.

மறுமொழி 3:
மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் 146 என்பது கவனிக்காமல் விடத்தக்க எண் அன்று. அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பியவர்களுள் முன்னணியில் நின்ற ஜிம் ஃபிக்ஸ், 1984-இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் 52 வயதில் இறந்தார். அவருடைய இதயத் தமனிகளில் கடும் அடைப்பு இருந்தது. அவருடைய தந்தைக்கும் இளம் வயதிலேயே இதயநோய் இருந்தது. எனவே உங்கள் குடும்ப வரலாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவித்து, மாத்திரை தேவையா என்று கேளுங்கள். நெடிய ஓட்டத்துக்குப் பின் ஓரிரு நாள்கள் ட்ரைகிளிசரைடு வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும் என்பதால், அடுத்த பரிசோதனையை அந்த நாள்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.