புதுப்பிப்பு: டெஸ்ட் ஹெல்பரும் பேக்கேஜாகி வந்த சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டது இதுதான்: எங்கள் புதுச்சேரி டீமின் பைப்லைனில் (தானியங்கி பில்ட் வரிசை) பேக்கேஜ் உருவாக்கும் ‘டாட்நெட் பேக்’ கமாண்ட் ஓடும்போதெல்லாம், டெஸ்டுகளுக்கு மட்டும் உதவும் டெஸ்ட் ஹெல்பர் லைப்ரரியும் நுகெட் பேக்கேஜாக (டாட்நெட் லைப்ரரிகளைப் பகிரும் வடிவம்) வந்து நின்றது.

டெஸ்ட் எஸ்டிகே (டெஸ்ட் ஓட்டத் தேவையான மைக்ரோசாஃப்ட் பேக்கேஜ்) சேர்த்த புராஜெக்ட்டுகளை பேக் தானாகவே விட்டுவிடும். ஹெல்பரில் அது இல்லை, அதனால் சாதாரண லைப்ரரி கணக்கில் சேர்ந்துவிட்டது.

டெஸ்ட் ஃபோல்டரில் ஒரு ‘டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸ்’ (அந்த ஃபோல்டரின் எல்லா புராஜெக்ட்டுக்கும் பொதுவான செட்டிங் ஃபைல்) வைத்து, பேக்கேஜ் ஆக்கலாமா என்று சொல்லும் ‘இஸ்பேக்கபிள்’ செட்டிங்கை ஃபால்ஸ் என்று போட்டதும் சரியானது. ஆனால் மேல் ஃபோல்டரிலும் அதே பெயரில் ஃபைல் இருந்தால் உஷார்! பில்ட் செய்யும் கருவியான எம்எஸ்பில்ட், புராஜெக்ட்டுக்குக் கிட்டே இருப்பதை மட்டுமே தானாகப் படிக்கும். மேலே உள்ளதை நாம்தான் இம்போர்ட் செய்யணும். மறந்தால் அங்கிருந்த செட்டிங் ஒன்றும் வராது.

கடலூர் நண்பர் சொன்னபடி ‘டெஸ்ட்ஸ்’ என்று முடியும் பெயர்களை விலக்கினால் ஹெல்பர் அந்த விலக்கலில் சிக்காமல் மறுபடி பேக்கேஜாகிவிடும்.

சொந்த ஏஜென்ட் (பைப்லைன் ஓடும் மெஷின்) வைத்திருப்பவர்கள் அவுட்புட் ஃபோல்டரையும் காலி செய்யுங்க. பழைய பேக்கேஜ் அங்கேயே கிடந்தால் பேக்கேஜ்களை சர்வருக்கு அனுப்பும் புஷ் அதையும் ஏற்றப் பார்க்கும்.