200 ஆம்ப் மிக்-டிக்-ராடு மிஷின்: கேஸ் இல்லாத வயர்ல ஓயாம தெறிக்குது, எம்சிபியும் விழுது

கேட்கிரில்_பல்லடம்

மிக் (ஸ்பூல்ல இருந்து ஓடி வர்ற வயர்), டிக் (டங்ஸ்டன் முனை), ராடுன்னு மூணு வெல்டிங் முறையும் ஓடுற 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மிஷின், சிங்கிள் ஃபேஸ். கேட், கிரில் வேலைக்கு. பெரும்பாலும் 2 மி.மீ. ஸ்கொயர் பைப், 5 மி.மீ. ஆங்கிள், எப்பவாவது 8 மி.மீ. பிளேட்.

போட்டிருக்கறது கேஸ் தேவைப்படாத வயர், இ71டி-ஜிஎஸ், 1.0 மி.மீ. மிஷினோட வந்த டார்ச், ரோலர் (வயரைத் தள்றது), டிப் (வயர் வெளியே வர்ற முனை) எதையும் மாத்தல. டார்ச் ப்ளஸ்ல, எர்த் கிளாம்ப் மைனஸ்ல. கரண்ட் 16 ஆம்ப் சாக்கெட்ல இருந்து. எம்சிபி (லோடு கூடினா தானா விழற ஸ்விட்ச்) மேல பி16னு போட்டிருக்கு. அங்கிருந்து 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் 30 மீட்டர், ரீல்ல சுத்தினபடியே இருக்கு.

தெறிப்பு தாங்கல, பீடுல (வெல்டிங் தையல்ல) புழு அரிச்ச மாதிரி ஓட்டை. அடிக்கடி வயர் ரோலர்கிட்ட சுருண்டு சிக்கிக்குது. 3.15 ராடு 130 ஆம்ப்ஸ்ல ஓட்டினா பத்து நிமிஷத்துக்குள்ள எம்சிபி விழுது. சில நேரம் ஸ்விட்ச் போட்ட நொடியிலயே விழுது. மிஷின் கோளாறா, செட்டிங் கோளாறா?

அடுத்து கேஸ் வாங்கணும். சிஓ2 போதுமா, மிக்ஸ் (ஆர்கானும் சிஓ2வும் கலந்தது) வாங்கணுமா? அதே சிலிண்டர்ல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடிக்கு டிக் ஓட்ட முடியுமா?

வயர்ஃபீடர்

மிஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. டார்ச்சை மைனஸுக்கு மாத்துங்க, கிளாம்ப்பை ப்ளஸுக்கு. ஜிஎஸ் வயரோட உள்மருந்து (ஃபிளக்ஸ்) டார்ச் மைனஸ்ல எரியறதுக்குன்னே கலந்தது. ப்ளஸ்ல போட்டா ஆர்க் நிலையா நிக்காது. நீங்க சொல்ற தெறிப்பும் ஓட்டையும் அதனால வரும். மிஷின் முன்னாடி டின்ஸ் பிளக் (திருகி மாட்டற வெல்டிங் பிளக்) உள்ள குட்டி ஒயர் ஒண்ணு தொங்கும், இல்லேன்னா வயர் பெட்டிக்குள்ள ரெண்டு நட்டு இருக்கும். மிஷினை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு மாத்துங்க. டின்ஸ் பிளக்கைத் தள்ளி வலப்பக்கம் இறுக்கமா திருகணும். லூசா விட்டா சூடேறி சாக்கெட்டே உருகும்.

மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், அதனால எழுதிடறேன். கேஸ் இல்லாத வயர்: டார்ச் மைனஸ். கேஸோட ஓடுற சாலிட் வயர் (இஆர்70எஸ்-6): டார்ச் ப்ளஸ். கேஸோட ஓடுற மருந்து வயர் (இ71டி-1): டார்ச் ப்ளஸ். டிக்: டார்ச் எப்பவும் மைனஸ். 7018 ராடு: ஹோல்டர் ப்ளஸ். 6013 ராடு ரெண்டு பக்கமும் எரியும். தகடு மெல்லிசா இருந்தா ஹோல்டரை மைனஸ்ல போடுங்க.

வயர் சிக்கறது வேற விஷயம். மிஷினோட வந்த ரோலர் வி பள்ளம் உள்ளது, சாலிட் வயருக்கானது, பெரும்பாலும் 0.8 ஆக இருக்கும். உங்க வயர் உள்ளே மருந்து வச்ச குழாய். வி ரோலர்ல வழுக்கும், வழுக்குதேன்னு ஸ்பிரிங்கை இறுக்கினா குழாய் நசுங்கி லைனர்ல (டார்ச் கேபிளுக்குள்ள வயர் போற குழாய்) போய் நிக்கும். பின்னாடி வர்ற வயர் போக இடமில்லாம சுருண்டுக்கும். பள்ளத்துல பல்பல்லா வெட்டின நர்ல்டு ரோலர் 1.0 வாங்கிப் போடுங்க. ரோலர் ஓரத்துல அச்சடிச்ச அளவு எந்தப் பக்கம் தெரியணும்கறது மிஷினுக்கு மிஷின் மாறும், புத்தகத்தைப் பாருங்க. டிப்பும் 1.0 ஆ இருக்கணும். லைனர்ல நீலம் 0.6 முதல் 0.9 வரைக்கும்தான், 1.0, 1.2க்கு சிவப்பு.

ஸ்பிரிங் இறுக்கம் பார்க்க: டார்ச்சை நேரா நீட்டி, ஒரு மரக்கட்டையில இருந்து அஞ்சு செ.மீ. தள்ளிப் பிடிச்சு வயரை ஓட விடுங்க. கட்டையில முட்டி வளைஞ்சு சுருளணும். முட்டினதும் ரோலர் வழுக்கி வயர் நின்னுட்டா கொஞ்சம் இறுக்குங்க. வளையற அளவு வந்ததும் அதோட விடுங்க. ஸ்பூல் நடுவுல உள்ள நட்டையும் பாருங்க. டிரிகரை விட்டதும் ஸ்பூல் தானா சுத்தக் கூடாது, அவ்வளவு பிரேக் போதும். மிக் மோடுல டிரிகரை அழுத்தினா வயர்ல கரண்ட் இருக்கும்கறதை மறந்துடாதீங்க. மூஞ்சிக்கோ இன்னொரு கைக்கோ நேரா பிடிக்காதீங்க. புது வயர் கோக்கும்போது டிப்பைக் கழட்டிட்டு, 'இன்ச்' பட்டன் இருந்தா அதுல ஓட்டுங்க.

செட்டிங்: 2 மி.மீ. பைப்புக்கு 15–16 வோல்ட், வயர் நிமிஷத்துக்கு 3 மீட்டர் கிட்ட. 5 மி.மீ. ஆங்கிளுக்கு 17–18 வோல்ட்ல ஆரம்பிச்சு வேஸ்ட் துண்டுல பார்த்து ஏத்துங்க. வயர் டிப்புல இருந்து 15 மி.மீ. வெளியே நிக்கட்டும். கசடு விழற வயர், அதனால டார்ச்சை இழுத்துக்கிட்டு வரணும். தள்ளினா கசடு உள்ளே மாட்டும். இந்த ஜிஎஸ் ஒரே ஓட்டுக்கான வயர், ஒரு பீடு மேல இன்னொரு பீடு போடறதுக்கு இல்ல. 8 மி.மீ. பிளேட்டுக்கு ராடுதான்.

ஒயர்மேன்_ஈரோடு

எம்சிபி விஷயத்துக்கு வரேன். அது சரியாத்தான் விழுது.

130 ஆம்ப்ஸ்ல ராடு எரியும்போது ஆர்க்ல சுமார் 25 வோல்ட், அதாவது 3.3 கிலோவாட். மிஷினோட திறன் 85 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.7னு வச்சா உள்ளே இழுக்கறது 5.5 கேவிஏ. 230 வோல்ட்ல 24 ஆம்ப். லைன் 215க்கு இறங்கினா 25க்கு மேல. 16 ஆம்ப் எம்சிபி சூடேறி விழாம என்ன செய்யும்? 200 ஆம்ப்ஸ்ல மிக் ஓட்டினா உள்ளே 36 ஆம்ப் வரைக்கும் போகும். ஆக 16 ஆம்ப் சாக்கெட்டை நம்பி ஓட்டக்கூடியது 2.5 ராடு, 80 ஆம்ப்ஸ். அதுக்கு 13–14 ஆம்ப்தான் இழுக்கும்.

ஸ்விட்ச் போட்ட நொடியில விழறதுக்குக் காரணம் வேற. உள்ளே இருக்கற கெபாசிட்டர்கள் முதல் தடவை சார்ஜ் ஆகும்போது ஒரு பெரிய இழுப்பு வரும். பி கர்வ் எம்சிபி தன் அளவுல 3–5 மடங்குலயே உடனே விழும், சி கர்வ் 5–10 மடங்கு தாங்கும். பி16ஐக் கழட்டிட்டு அதே ஒயர்ல 32 போட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. எம்சிபி காப்பாத்தறது ஒயரை. 2.5 ஸ்கொயர்ல 32 போட்டா எம்சிபி நிக்கும், ஒயர் எரியும்.

மெயின் போர்டுல இருந்து தனி லைன்: 6 ஸ்கொயர் காப்பர், சி32 எம்சிபி, 32 ஆம்ப் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்-சாக்கெட். 36 ஆம்ப் இழுக்கறதுக்கு 32 எப்படிப் போதும்னு கேப்பீங்க. 60 சதவீதம் டியூட்டின்னா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம்தான் எரியுது. சூட்டுக் கணக்குல அது தொடர்ந்து 28 ஆம்ப் ஓடற மாதிரி. இடைவெளி விடாம ஓட்டணும்னா வெல்டிங் கரண்ட் 155 ஆம்ப்ஸைத் தாண்டாதீங்க.

ரீல் ஒயர்: 30 மீட்டர்னா போக வர 60 மீட்டர். 2.5 ஸ்கொயர்ல 30 ஆம்ப் ஓடினா 13 வோல்ட் ஒயர்லயே போயிடும். வோல்டேஜ் குறைஞ்சா இன்வெர்ட்டர் அதே வேலைக்குக் கூடுதல் ஆம்ப் இழுக்கும், அது இன்னும் சூடு. சுத்தின ரீல்ல அந்தச் சூடு வெளியேற வழி இல்ல. முழுசா பிரிச்சுப் போட்டுத்தான் ஓட்டணும்.

எர்த் கிளாம்ப் போட்டாச்சே, மிஷினுக்கு எர்த் எதுக்குன்னு நிறைய பட்டறையில விட்டுடறாங்க. கிளாம்ப் வெல்டிங் கரண்ட் திரும்பி வர்ற வழி, அவ்வளவுதான். பிளக்குல வர்ற பச்சை ஒயர் எர்த் பிட் வரைக்கும் தனியா போகணும். அதை நியூட்ரல்ல முடிச்சுப் போடறது கொலைபாதகம். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற ஸ்விட்ச்) கட்டாயம் போடுங்க. ஆனா அது மெயின்ஸ் பக்கம் மட்டும் பார்க்கும். ராடு மோடுல ஹோல்டர்ல சும்மா நிக்கற 60–80 வோல்ட்டை அது கண்டுக்காது. மழைநாள்ல ஈரத்தரை, நனைஞ்ச கையுறையோட ராடு மாத்தறப்ப அடிக்கறது அதுதான். மிஷின்ல விஆர்டி (சும்மா நிக்கறப்ப அந்த வோல்ட்டைக் குறைக்கறது) இருந்தா ஆன்ல வைங்க, காலுக்குக் கீழ காஞ்ச பலகை போடுங்க.

இன்னொண்ணு, வீட்டு இணைப்புல பட்டறை ஓட்டறீங்கன்னா ஈபி டாரிஃபும் சாங்ஷன் லோடும் பார்த்துக்குங்க.

மிக்ஸ்கேஸ்

கேட் வேலைக்கு சிஓ2 போதும். விலை குறைவு, ஆழமா இறங்கும், ஆனா தெறிப்பு கூட. 80 ஆர்கான் 20 சிஓ2 மிக்ஸ்ல பீடு வழவழன்னு வரும், 2 மி.மீ. பைப்புல ஓட்டை விழறது குறையும், கிரைண்டிங் மிச்சம். பெயிண்ட்டுக்கு முன்னாடி தேய்க்கற கூலியைக் கணக்குப் போட்டா மிக்ஸ் ஒண்ணும் அதிகம் இல்லங்கறது என் கருத்து.

சிஓ2 எடுத்தா ரெகுலேட்டர்ல ஹீட்டர் வேணும், இல்லேன்னா தொடர்ந்து ஓட்டும்போது பனி பிடிச்சு கேஸ் அடைக்கும். சிலிண்டர் உள்ளே திரவம் இருக்கறதால படுக்க வச்சு ஓட்டக் கூடாது. மீட்டர் முள்ளை நம்பி மிச்சம் கணக்குப் போடாதீங்க. திரவம் தீர்ற வரைக்கும் அழுத்தம் இறங்காது, எடை போட்டுத்தான் தெரியும். ஆர்கான்ல அப்படி இல்ல, முள் பாதிக்கு வந்தா கேஸும் பாதி. 7 கனமீட்டர் சிலிண்டர் நிமிஷத்துக்கு 10 லிட்டர் வச்சா பதினோரு மணி நேரத்துக்கு மேல ஆர்க் தாங்கும்.

மிக்ல 12–15 லிட்டர் வைங்க. ஓட்டை வருதேன்னு 25க்கு ஏத்தினா கேஸ் சுழன்று வெளிக்காத்தையும் உள்ளே இழுத்துக்கும், ஓட்டை கூடும். முதல்ல ஃபேனைத் திருப்புங்க, நாஸில்ல ஒட்டின தெறிப்பைச் சுரண்டுங்க. 0.8 சாலிட் வயருக்கு 2 மி.மீ.ல 17–18 வோல்ட், வயர் நிமிஷத்துக்கு 4–5 மீட்டர், 3 மி.மீ.ல 19 வோல்ட், 6 மீட்டர் கிட்ட. இது மிக்ஸுக்கு, சிஓ2க்கு ஒண்ணு ரெண்டு வோல்ட் ஏத்தணும். வயர் முட்டி டார்ச்சைப் பின்னாடி தள்ளினா வயர் வேகம் அதிகம். வயர் டிப்போட போய் ஒட்டிக்கிட்டா வேகம் கம்மி, இல்ல வோல்ட் அதிகம்.

சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டுங்க. ரெகுலேட்டர் மாட்டறதுக்கு முன்னாடி வால்வை ஒரு நொடி திறந்து தூசியை ஊதுங்க, நேரா நிக்காம பக்கவாட்டுல நின்னுக்கிட்டு. இணைப்புகள்ல சோப்புத் தண்ணி போட்டுப் பாருங்க.

கைப்பிடி304

மிக்ஸ்ல டிக் ஓட்டவே முடியாது. சிஓ2 பட்டதும் டங்ஸ்டன் முனை கருகிப் போயிடும். டிக்குக்குச் சுத்த ஆர்கான் தனிச் சிலிண்டர், நிமிஷத்துக்கு 6–8 லிட்டர். இந்த மாதிரி மிஷின்ல பெரும்பாலும் டிசி லிஃப்ட் டிக்தான் (முனையைத் தொட்டுத் தூக்கி ஆர்க் பிடிக்கறது), ஏசி இல்ல, ஆகவே அலுமினியம் ஆசையை விட்டுடுங்க. எஸ்எஸ், எம்எஸ் (சாதா இரும்பு) ஓடும். 1.2–1.5 மி.மீ. 304 எஸ்எஸ் குழாய்க்கு 40–60 ஆம்ப்ஸ், 1.6 டங்ஸ்டன், 308எல் ஃபில்லர் கம்பி. முனையை வீலுக்கு நெடுக்கு வாக்குல பிடிச்சு, விட்டத்துல ரெண்டு ரெண்டரை மடங்கு நீளத்துக்குக் கூராக்குங்க. சிவப்புத் தலை டங்ஸ்டன்ல தோரியம் இருக்கு, அந்தத் தூசி கதிரியக்கம் உள்ளது. நீலத் தலை லாந்தனம் வாங்கினா அந்தக் கவலை இல்ல. ஆர்க் அணைஞ்ச பிறகும் அஞ்சாறு நொடி கேஸ் ஓடட்டும், டார்ச்சை உடனே தூக்காதீங்க. எம்எஸ் தேய்ச்ச வீலையும் பிரஷையும் எஸ்எஸ்ல வைக்காதீங்க, ஒரு மழையிலயே துரு காட்டும்.

ஹெல்மெட் கண்ணாடி: டிக் 40–60 ஆம்ப்ஸுக்கு ஷேடு 10, மிக் 100–200க்கு 10–12. எஸ்எஸ் புகையில குரோமியம் இருக்கு, துணி கட்டிக்கிட்டா நிக்காது. வெல்டிங் புகைக்கான மாஸ்க் போடுங்க. மூடின டேங்குக்குள்ள ஆர்கானோட இறங்கறது வேண்டவே வேண்டாம். கேஸ் காத்தை விடக் கனம், அடியில தேங்கி மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமப் பண்ணும், வாசனையும் வராது.

கேட்கிரில்_பல்லடம்

டார்ச்சை மைனஸ்ல போட்டு 15.5 வோல்ட்ல ஓட்டினேன், தெறிப்பு அடங்கிடுச்சு, ஓட்டையும் இல்ல. நர்ல்டு ரோலர் சொல்லியிருக்கேன். 6 ஸ்கொயர் லைன் வர்ற வரைக்கும் 2.5 ராடு, 80 ஆம்ப்ஸோட நிறுத்திக்கறேன். அண்ணே, இதே வயர்ல ஜிஐ (துத்தநாகம் பூசின) பைப் பத்தவைக்கலாமா?

வயர்ஃபீடர்

பத்தும், ஆனா அப்படியே மேல வைக்காதீங்க. துத்தநாகம் ஆவியாகி பீடுக்குள்ள ஓட்டை போடும். வெள்ளைப் புகையை இழுத்தா அன்னிக்கு ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். ஜாயிண்ட்டுக்கு ரெண்டு பக்கமும் 25–30 மி.மீ. பூச்சைக் கிரைண்டர்ல எடுத்துட்டு, திறந்த இடத்துல, காத்து முதுகுப் பக்கத்துல இருந்து வராம பக்கவாட்டுல போற மாதிரி நின்னு ஓட்டுங்க. மாஸ்க் இல்லாம வேண்டாம். பால் குடிச்சா சரியாயிடும்னு சொல்வாங்க, பால் புகையைத் தடுக்காது. வேலை முடிஞ்சதும் அந்த இடத்துக்கு ஜிங்க் பிரைமர் அடிச்சுடுங்க, இல்லேன்னா அங்கதான் முதல்ல துருப்பிடிக்கும்.