டிராக்: இழுவையா, விடுபிடியா? (கடல் தூண்டில் கலைச்சொற்கள்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையை முதல் மடலிலிருந்து வாசித்து வருகிறேன். ரீல், ராடு பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைத் தமிழில் ஒரு கலைச்சொல் ஏடாகத் தரவேண்டும், உப்புத்தண்ணீரில் அடித்தூண்டில் (கடலடி வரை ஈயத்தை இறக்கிப் போடும் தூண்டில்) போடுகிற ஒருவர் அதை வாசித்தே தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முடியவேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் வந்த கோரிக்கை. மிகத் தேவையான வேலை. எங்கள் குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கமெல்லாம் இப்போது கம்பும் ரீலுமாக இளைஞர்களைப் பார்க்கலாம். வள்ளத்தில் கைத்தூண்டில் போடும் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து பைக்கில் வருகிறவர்களும் உண்டு. பெட்டியில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, எதில் பெரிய எண் போட்டிருக்கிறதோ அதை வாங்கிவிடுகிறார்கள். பாதிப் பணம் வீண்.

மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. டிராக் என்ற ஒரு சொல்லில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதைப் பற்றி ஒரு மடலில் இப்படி இருந்தது:

> டிராக் = இழுவை. ஏற்கெனவே புழங்கும் சொல். புதிதாக எதற்கு?

முதலில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரீலுக்குள் நரம்பு (தூண்டில் இழை) சுற்றியிருக்கும் உருளையோடு சேர்த்துச் சில வட்டுகள் அடுக்கியிருக்கும். திருகை முறுக்கினால் வட்டுகள் ஒன்றையொன்று அழுத்தும். மீன் இழுக்கும் விசை அந்த அழுத்தம் தாங்கும் அளவுக்குள் இருக்கும்வரை உருளை அசையாது. அதைத் தாண்டினால் வட்டுகள் வழுக்கும், உருளை சுழலும், நரம்பு அறுந்துபோகாமல் வெளியே ஓடும். மீன் தளர்ந்தவுடன் வட்டுகள் மறுபடி பிடித்துக்கொள்ளும். இழுப்பது மீன். இந்தப் பொறியின் வேலை எவ்வளவு விடுவது, எவ்வளவு பிடிப்பது என்று தீர்மானிப்பது. அதற்கு இழுவை என்று பெயர் வைத்தால் மீன் செய்யும் வேலையைப் பொறியின் தலையில் ஏற்றுகிறோம்.

இதைவிடப் பெரிய சிக்கல், அடித்தூண்டிலில் உண்மையான இழுவை வேறொன்று இருக்கிறது. 60 பாகம் ஆழத்தில், அதாவது ஏறத்தாழ 110 மீட்டரில் ஈயத்தை இறக்குகிறீர்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஓடுகிறது. அத்தனை நீள நரம்பின் மேலும் தண்ணீர் மோதி அதை வளைத்துக்கொண்டு போகும். நரம்பு தடிமனாக இருந்தால் மோதல் கூடும், ஈயம் தரையில் நிற்காது, இன்னும் கனமான ஈயம் போடவேண்டி வரும். இயற்பியல்காரர்கள் இழுவை என்று சொல்வது இதைத்தான். பின்னல் நரம்பை ஏன் வாங்கச் சொல்கிறோம்? அதே வலுவுக்கு அது மெல்லியது, இழுவை குறைவு. இப்படி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ‘ரீலின் இழுவையைக் கூட்டுங்கள்’ என்றால் படிக்கிறவர் எதைக் கூட்டுவார்? போதாக்குறைக்குப் பள்ளிக்கூட இயற்பியலில் கயிற்றில் ஏறும் விறைப்புக்கு இழுவிசை என்று எழுதுகிறோம். நரம்பிலும் அது உண்டு. ஒரே பத்தியில் மூன்று பொருளுக்கு ஒரே வேர்.

எங்கள் கரையில் இன்னொரு தடையும் இருக்கிறது. இங்கே இழுவை என்று வாயைத் திறந்தாலே இழுவைமடி நினைவுக்கு வரும். விசைப்படகு கடலடியை வாரிக்கொண்டு போகும் மடி அது. அதனால் எத்தனை சண்டை, எத்தனை பேச்சுவார்த்தை என்பதை இந்தக் கரைக்காரரிடம் விளக்கவேண்டியதில்லை. தூத்தூர் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவையும் பெரிய மீன்களையும் தூண்டிலில் பிடித்தே பேர் எடுத்தவர்கள். அவர்கள் கையில் இருக்கும் தூண்டிலின் ஓர் உறுப்புக்கு அந்த மடியின் பெயரை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இது வெறும் சொற்பிடிவாதம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பெட்டியில் ‘மேக்ஸ் டிராக் 10 கிலோ’ என்று இருக்கும். அதை ‘அதிகபட்ச இழுவை 10 கிலோ’ என்று மொழிபெயர்த்தால், இந்த ரீல் 10 கிலோ மீனைத்தான் இழுக்கும், 15 கிலோ மீனுக்கு இன்னும் பெரிய ரீல் வேண்டும் என்று வாங்குகிறவர் முடிவு செய்வார். கடைக்காரர்களே அப்படிச் சொல்லி விற்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணுக்கும் மீனின் எடைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. திருகை முழுக்க இறுக்கினால் எத்தனை கிலோ விசைக்கு அப்புறம் நரம்பை விடத் தொடங்கும் என்பதுதான் அது. 4 கிலோவுக்கு வைத்த ரீலில் பொறுமை இருந்தால் அதைப்போல் மும்மடங்கு எடையுள்ள பாரையைக் கூட ஏற்றலாம். மாறாக, 10 கிலோவுக்கு இறுக்கி வைத்து 15 பவுண்டு நரம்பைப் போட்டிருந்தால், அந்த நரம்பு 7 கிலோவுக்குள்ளேயே அறுந்துவிடும். ரீலின் மேல் போட்ட எண்ணுக்கு வேலையே இல்லை.

> தடுப்பான் அல்லது உராய்வி என்று வைக்கலாமே?

உராய்வி பரவாயில்லை, உள்ளே நடப்பதைச் சொல்கிறது. ஆனால் ரீலில் உராய்கிற இடங்கள் வேறும் உண்டு. தடுப்பான் என்றால் தேர்ச்சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டை போல, நிறுத்துவதற்கு மட்டுமான ஒன்று என்று ஆகிவிடும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் நிறுத்தும் ஓர் உறுப்பு ரீலில் தனியாக இருக்கிறது. தடுப்பான் என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம், கச்சிதமாகப் பொருந்தும்.

நான் முன்வைப்பது விடுபிடி.

கைத்தூண்டிலில் ரீல் கிடையாது. கைதான் எல்லாம். விரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொண்டு, நரம்பை விரல்களுக்கு இடையில் அழுத்தியும் தளர்த்தியும் பெரிய மீனைக் களைக்கவைப்பார்கள். மீன் பாயும்போது வள்ளத்தின் பின்முனையான அமரத்திலிருந்து பெரியவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “விட்டுப் பிடி, மக்கா.” அந்தக் கை செய்த வேலையைத்தான் வட்டுகள் செய்கின்றன. பொறி புதிது, வேலை பழையது, அந்த வேலைக்குச் சொல்லும் ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

விட்டுப்பிடி என்றே வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம், தப்பில்லை. கூட்டுச்சொல் ஆக்கும்போது நாக்கு இடறும், அவ்வளவுதான். விடுகதை, விடுமுறை போல விடுபிடி என்று வைத்தால் விடுபிடி வட்டு, விடுபிடித் திருகு, விடுபிடி விசை என்று நீட்டிக்கொண்டு போகலாம். பிடி என்பது கைப்பிடி, உடும்புப்பிடி என்று பெயர்ச்சொல்லாகவும் நிற்பதால் இலக்கணத்திலும் இடறல் இல்லை. ‘மேக்ஸ் டிராக் 10 கிலோ’ என்பது ‘விடுபிடி உச்சம் 10 கிலோ’ ஆகும். வாசிப்பவர் அதை மீனின் எடை என்று எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

நேற்று வந்த மறுப்பு வலுவானது:

> கலவாவுக்கு விடவே கூடாது. விட்டால் பாருக்குள் போய்விடும். அடித்தூண்டிலுக்கென்று எழுதும் ஏட்டில் பெயரிலேயே ‘விடு’ எதற்கு?

உண்மைதான். கலவா பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், பொந்து பார்த்து இருக்கும் மீன். இரையை எடுத்ததும் அங்கேயே திரும்பும். உள்ளே நுழைந்து செவுளை விரித்துக்கொண்டால் நரம்பு பாறையில் உரசி அறுந்துபோகும். முதல் சில நொடிகளில் அதைத் தரையிலிருந்து இரண்டு மூன்று பாகம் தூக்கிவிடவேண்டும். அதனால் பாரில் தூண்டில் போடுகிறவர் திருகை நன்றாக இறுக்குகிறார். எவ்வளவு இறுக்கலாம் என்பதுதான் கேள்வி. பொதுவாக நரம்பு அறுபடும் வலுவில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்பது கணக்கு. 30 பவுண்டு நரம்பு என்றால் 13.6 கிலோ, ஆக விடுபிடியை 3.4 முதல் 4.5 கிலோவுக்குள் வைக்கவேண்டும். பாரில் அது பற்றாது என்பவர் திருகை மேலும் முறுக்குவதைவிட 50 பவுண்டு நரம்புக்கு மாறுவது நல்லது. 22.7 கிலோவில் மூன்றில் ஒன்று ஏறத்தாழ 7.5 கிலோ. முழுக்கப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? பெரிய மீன் வந்தால் நரம்போ முடிச்சோ கம்போ, எது பலவீனமோ அது போகும். கலவாவுக்கும் கடைசியில் விடத்தான் வேண்டும், பிடி கூடுதல், விடுதல் குறைவு, அவ்வளவே. அந்த அளவைக் கேட்கும் சொல்லாகத்தான் விடுபிடியைப் பார்க்கிறேன்.

ஆழத்தில் இன்னொன்றும் நடக்கும், இதை ஏட்டில் கட்டாயம் சேர்க்கவேண்டும். நரம்பு வெளியே போகப் போக உருளையில் சுற்றின் குறுக்களவு குறையும். திருகை நீங்கள் தொடவே இல்லை, ஆனாலும் நரம்பை வெளியே எடுக்கத் தேவைப்படும் விசை கூடிக்கொண்டே போகும். குறுக்களவு பாதியானால் விசை இருமடங்கு. படகின் ஓரத்தில் நின்று 4 கிலோவுக்கு அளந்து வைத்தது 60 பாகம் இறக்கியபின் 4 கிலோவாக இருக்காது. அளக்கும்போது நரம்பைக் கம்பின் வளையங்கள் வழியாகக் கோர்த்து, கம்பு வளைந்த நிலையில் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். வளையங்களின் உராய்வும் அதில் சேரும்.

நல்ல விடுபிடி எது என்று ஏடு சொல்லவேண்டும் அல்லவா? உச்ச எண்ணைவிட முக்கியமானது அது கிளம்பும் விதம். நின்ற உருளை அசையத் தொடங்கும்போது ஒரு வெட்டு வெட்டினால் அந்த ஒரு கணத்தில் நரம்பு போய்விடும். கடையில் கையால் மெதுவாக இழுத்துப் பார்த்தாலே தெரியும். கரிநார் (கார்பன் ஃபைபர்) வட்டுகள் கம்பளி வட்டுகளைவிடச் சூடு தாங்கும், நன்றாக இறுக்கினாலும் சீராக விடும். உப்புத்தண்ணீர் உள்ளே போகாதபடி அடைத்த ரீல் நம் கடலுக்கு நல்லது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, திருகைத் தளர்த்தி வைக்கவேண்டும். இறுக்கியே வைத்தால் வட்டுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை அந்த வெட்டு வரும்.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ரீல், ரீலாகவே இருக்கட்டும், எல்லோர் வாயிலும் இருக்கிறது. ராடுக்குத் தூண்டில் கம்பு போதும். யாழ்ப்பாணத்து நண்பர் எழுதிய தங்கூசியை ஒற்றை நரம்புக்கு (ஒரே இழையாக வரும் நைலான் நரம்பு) வைத்துக்கொள்ளலாம், இங்கேயும் புரியும். ரீல் வகைகளுக்கு நிலையுருளை, சுழலுருளை என்று ஒருவர் கொடுத்திருந்தார், மிக நன்று. நிலையுருளையில் நரம்பைச் சுற்றும்போது உருளை நிற்கும், வெளிக்கூடு சுழலும், விடுபிடி வழுக்கும்போது மட்டும் உருளை சுழலும். சுழலுருளையில் எப்போதும் உருளையே சுழலும். படகிலிருந்து நேர்கீழே கனமான ஈயம் இறக்க இரண்டாவது வலுவானது. கரையிலிருந்து வீச முதலாவது எளிது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை எத்தனை சுற்று என்பதற்குச் சுற்றுவிகிதம் என்றே வைப்போம். அடியிலிருந்து கனத்தைத் தூக்க 5-க்குக் கீழே இருப்பது நல்லது, வேகம் குறையும், வலு கூடும். கம்பு எங்கே வளைகிறது என்பதற்கு நுனிவளைவு, நடுவளைவு. படகுக்கு 6, 7 அடிக் கம்பு, கரைக்கு 10 அடிக்கு மேல்.

மக்கள் வாயிலிருந்து எடுத்த சொல் அறிவியலுக்குப் போதாது என்று ஒரு மடலில் இருந்தது. கடலரிப்புக்காகக் கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டுக் கட்டுவதை எங்கள் ஊர்களில் தூண்டில் வளைவு என்கிறோம். கொக்கியின் வடிவத்தைப் பார்த்து வந்த பெயர். இன்று மனுவில், செய்தித்தாளில், சட்டமன்றப் பேச்சில், அரசாணையில் எல்லாம் அதுதான் ஓடுகிறது, பொறியாளருக்கும் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கம்பு வீசுகிறவர்கள் பாதிப்பேர் நிற்பதும் அதன் மேல்தான்.

ஆக, ஏட்டில் ‘விடுபிடி’ என்று தலைச்சொல் போட்டு, பக்கத்தில் ‘கடைவழக்கு: டிராக்’ என்று சேர்க்கும்படி கேட்கிறேன். கடையில் போய் விடுபிடி என்று கேட்டால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது, இரண்டும் இருக்கட்டும்.

நிலையுருளை ரீலில் நரம்பை வாங்கிச் சுற்றிவிடும் அந்த வளைந்த கம்பிக்கு இன்னும் சொல் அமையவில்லை. நரம்பு வளையம் என்று ஒருவர் எழுதியிருந்தார், கம்பில் இருக்கும் வளையங்களோடு குழம்பும். மடக்குவில் என்று என் குறிப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
குளச்சலிலிருந்து