இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ரீகால் உண்டா என்று எப்படி அறிவது?

கோத்தகிரி_வாசி: எங்கள் ஏழு இருக்கை எஸ்யூவியில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது சில வளைவுகளில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. இந்த மாடலுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வந்ததாக உறவினர் சொல்கிறார்; சர்வீஸ் சென்டரில் இல்லை என்கிறார்கள். வயதான பெற்றோரும் குழந்தைகளும் ஏறும் வண்டி. உடனே உதவுங்கள்.

குன்னூர்_டீசல்: எந்த ஆண்டு வண்டி, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, புதிதாக வாங்கியதா கைமாறியதா? எல்லாவற்றையும் விட முக்கியம், பெடல் இறுகி நிற்கிறதா, அமுங்கி உள்ளே போகிறதா? இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரிலோ அதற்கு வரும் வேக்யூமிலோ (வெற்றிடம்) கோளாறு.

மலைச்சாலை_மூத்தவர்: இதே கேள்வியை எத்தனை பேர் கேட்பீர்கள்? ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரியும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன், பிரேக் கைவிட்டதில்லை. முதலில் ஓட்டப் பழகுங்கள்.

ஊட்டி_ஓட்டுநர்: ஐயா, அவர் எந்த கியரில் இறங்கினார் என்று யாருமே இன்னும் கேட்கவில்லை. குறையுள்ள பாகம் நிதானமாக ஓட்டுபவரையும் கைவிடும். 2004 முதல் 2015 வரை தயாரான எம்எல், ஜிஎல், ஆர் வகுப்பு வண்டிகளில் ஏறத்தாழ 10 லட்சத்தை மெர்சிடிஸ் 2022-இல் உலகெங்கும் திரும்ப அழைத்தது, பிரேக் பூஸ்டர் ஈரத்தால் துருப்பிடிக்கக்கூடும் என்பதற்காகத்தான். மழையும் மூடுபனியும் விலகாத நம் ஊரில் இதை அலட்சியம் செய்யலாமா?

மலைச்சாலை_மூத்தவர்: அந்த வண்டியின் கதை இவருக்கு எதற்கு? பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடும்.

குன்னூர்_டீசல்: ஆயில் கொதித்தால் பெடல் அமுங்கும், இறுகாது. அவர் பதில் சொல்லாமல் நாம் வாதிட்டுப் பயனில்லை.

வெலிங்டன்_வாசகர்: ரீகால் பெரும்பாலும் மாடல் முழுவதற்கும் வருவதில்லை, குறிப்பிட்ட தேதிகளுக்குள் தயாரானவற்றுக்கே வரும். ஆகவே ஆர்சியிலுள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். கைமாறிய வண்டியானால் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும். ரீகால் பழுதுக்குக் கட்டணம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்ந்த 110ஏ பிரிவின்படி ரீகாலுக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகள் ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். சர்வீஸ் சென்டரின் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கோத்தகிரி_வாசி: 2021 வண்டி, மேனுவல், கைமாறியது. இரண்டாம் கியரில்தான் இறங்குகிறோம். பெடல் இறுகுகிறது, ஸ்டார்ட் செய்தும் இறங்கவில்லை. சேஸிஸ் எண் பட்டியலில் இருக்கிறது, வேக்யூம் குழாய் என்று காட்டுகிறது. அடுத்த வாரம் வண்டியைக் கோவைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அனைவருக்கும் நன்றி.

குன்னூர்_டீசல்: தயவுசெய்து ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள். வண்டியை ஏற்றிச் செல்ல ரெக்கவரி வண்டி அனுப்பும்படி நிறுவனத்திடமே கேளுங்கள்.