‘நாட் டைப்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்: திறவு, சாத்து, பூட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு ரவுட்டரைச் சரிசெய்வதற்கான தமிழ்க் கையேட்டுக்குத் திரட்டப்படும் சொற்களுள் ‘நாட் டைப்’ (வெளியிலிருந்து விளையாட்டுக் கருவிக்கு வரும் இணைப்பை ரவுட்டர் எந்த அளவுக்கு உள்ளே விடுகிறது என்பதைக் காட்டும் குறி) என்பதற்கு ‘வலையமைப்பு முகவரி மொழிபெயர்ப்பு வகை’ என்றும், அதன் மூன்று படிகளுக்குத் ‘திறந்த’, ‘மிதமான’, ‘கண்டிப்பான’ என்றும் முன்மொழியப்பட்டிருக்கின்றன. இவற்றுள் ‘திறந்த’ என்பதைத் தவிர வேறெதையும் என்னால் ஏற்க இயலவில்லை.

இச்சொற்களை யார், எந்த நிலையில் வாசிக்கப்போகிறார் என்பதிலிருந்து தொடங்குவோம். நல்லூரிலோ சுன்னாகத்திலோ உள்ள ஒரு பிள்ளை, ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனோடு சேர்ந்து விளையாட எக்ஸ்பொக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியை (கொன்சோலை) போடுகிறது. தனியாக விளையாட முடிகிறது, படமும் தடையின்றி ஓடுகிறது, இணைய வேகத்தை அளந்தாலும் குறையில்லை. ஆனால் அண்ணனின் குரல் கேட்கவில்லை. அவர் அமைத்த ஆட்டத்தில் சேரவும் முடியவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ‘நாட் டைப்: ஸ்ரிக்ட்’ என்ற ஒரே வரிதான் துப்பாகக் கிடைக்கிறது. அதற்கு நேரே ‘கண்டிப்பான’ என்று நாம் எழுதிவைத்தால், யாரோ எதற்கோ கண்டிப்பாக இருக்கிறார் என்பதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? பெற்றோர் கட்டுப்பாட்டு அமைப்பைத் தேடிப் போய் அதைக் கலைத்துவிடவே இச்சொல் வழிகாட்டும். ‘மிதமான’ என்பது அதனினும் மோசம். சமையல் குறிப்பில் அடுப்பின் சூட்டைச் சொல்லும் சொல் அது.

முதலில் ‘மொழிபெயர்ப்பு’ என்பதை விலக்கிவிடலாம். இணைய நெறிமுறையான ஐபியின் நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் நீளமுடையது என்பதால் மொத்தம் 4,294,967,296 முகவரிகளுக்கு மேல் அமைய வழியில்லை. இப்பற்றாக்குறையைச் சமாளிக்க, உள்ளக முகவரிகளை வெளியுலகுக்கான முகவரிகளாக மாற்றும் முறை 1994இல் ஆர்எஃப்சி 1631 என்ற இணைய நியம ஆவணத்தில் விவரிக்கப்பட்டது; ஒரு வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே முகவரியைக் காட்டுவது அதன் வளர்ச்சி. ரவுட்டர் செய்வது என்னவென்றால், வெளியே போகும் பொதியில் (தரவுத் துண்டில்) உள்ளக முகவரியையும் துறை எண்ணையும் (போர்ட்) எடுத்துவிட்டுத் தன்னுடையவற்றை இடுகிறது. அந்த மாற்றத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, மறுமொழி வரும்போது திரும்பவும் மாற்றி உரிய கருவிக்குச் சேர்க்கிறது. இதில் மொழி எங்கேயும் இல்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் செயல் மட்டுமே உண்டு. ஆகவே அச்செயலுக்கு ‘முகவரிமாற்று’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘வலையமைப்பு’ என்ற அடை தேவையில்லை, ஏனெனில் இந்தக் கையேட்டில் வேறெந்த முகவரியும் பேசப்படவில்லை.

இனி மூன்று படிகள். ரவுட்டர்களின் நடத்தையை வகைப்படுத்த முயன்ற ஆர்எஃப்சி 3489, 2003இல் முழுக்கூம்பு, கட்டுற்ற கூம்பு, துறை கட்டுற்ற கூம்பு, சமச்சீர் என்று வடிவப் பெயர்களை இட்டது. 2007இல் வந்த ஆர்எஃப்சி 4787 அந்தப் பெயர்கள் குழப்பம் விளைத்தன என்று ஒதுக்கிவிட்டு, ரவுட்டர் எதைச் செய்கிறது, யாரை உள்ளே விடுகிறது என்ற நடத்தையைக் கொண்டு விவரிக்கத் தொடங்கியது. நியமம் எழுதியவர்களே கைவிட்ட கூம்பைத் தமிழில் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை. நாமும் நடத்தையைக் கொண்டே பெயரிடலாம்.

அந்த நடத்தை, எங்கள் ஊர் வீட்டுப் படலையில், அதாவது வேலி வாசலின் கதவில், தினமும் காண்பதுதான். படலை திறந்திருந்தால் யாரும் வரலாம். சாத்தியிருந்தால், உள்ளிருப்பவர் அழைத்து எதிர்பார்த்திருப்பவர் தள்ளிக்கொண்டு வரலாம், மற்றவர் வரார். பூட்டியிருந்தால் அழைக்கப்பட்டவரும் வெளியில்தான் நிற்பார். கொன்சோலின் மூன்று படிகளும் ஏறத்தாழ இவையே. முதலாம் படியில் உள்ள கொன்சோல் எவரோடும் இணையும். இரண்டாம் படியில் உள்ளது, தான் முதலில் பொதி அனுப்பிய முகவரியிலிருந்து வருவதை ஏற்கும். மூன்றாம் படியில், ஒவ்வொரு எதிராளிக்கும் ரவுட்டர் வெவ்வேறு துறை எண்ணைக் கொடுப்பதால், ஆட்டத்தை அமைத்த சேவையகம் அறிந்துவைத்திருக்கும் எண் ரொறன்ரோவில் உள்ள கொன்சோலுக்குப் பயன்படாமல் போகிறது. பூட்டியவர் திறந்தவரோடு மட்டுமே சேர முடியும் என்பதும், சாத்தியவர் இருவர் தமக்குள் பெரும்பாலும் சேரலாம் என்பதும், பூட்டியவர் இருவருக்கு வழியே இல்லை என்பதும் இந்தச் சொற்களிலிருந்தே ஊகிக்கக்கூடியவை. எனவே ‘திறந்த படலை’, ‘சாத்திய படலை’, ‘பூட்டிய படலை’ என்றும், மூன்றுக்கும் பொதுவாகப் ‘படலைநிலை’ என்றும் சொல்வோம் என்பது என் முன்மொழிவு.

‘போர்ட்’ என்பதற்குத் ‘துறை’ என்பதே போதும். ஆனால் ரவுட்டரின் முதுகில் கம்பி செருகும் ஓட்டைக்கும் அதே சொல்லை வழங்கக்கூடாது. துறையைத் திறக்கச் சொன்னால் ரவுட்டரைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் ‘செருகுவாய்’ என்று பிரித்துவிடுவோம். குறித்த துறைக்கு வரும் பொதிகளை ஒரு கருவிக்கு அனுப்பும் ‘போர்ட் ஃபோவர்டிங்’ என்பதற்கு வந்துள்ள ‘துறை ஒதுக்கீடு’ ஆகாது, ஏனென்றால் அதற்கு முந்திய படியிலேயே கொன்சோலுக்கு மாறாத உள்ளக முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டியிருக்கிறது; அடுத்தடுத்த இரண்டு படிகளில் இரண்டு ஒதுக்கீடுகள் வந்தால் வாசிப்பவர் ஒன்றைத் தவறவிடுவார். அதற்குப் பதிலாக ‘உட்செலுத்தல்’ என்றால் ஊசி நினைவுக்கு வருவதோடு, பாதுகாப்புத் துறையில் ஒரு தாக்குதல் வகைக்கும் அது வழங்குகிறது. ‘துறைவழி உள்ளனுப்பல்’ என்கிறேன். ‘3074 என்ற துறைக்கு வரும் யூடிபி பொதிகளை எக்ஸ்பொக்ஸுக்கு உள்ளனுப்புக’ என்று எழுதிப் பார்த்தேன் (யூடிபி என்பது பொதிகளை அனுப்பும் நெறிமுறைகளுள் ஒன்று), வாக்கியம் தடையின்றி நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் அதிகம் குழப்புவது வேறொன்று. முன்வீட்டில் ஒரு ரவுட்டர், அதிலிருந்து கம்பி இழுத்துப் பின்வீட்டில் இன்னொன்று. பின்வீட்டுப் பிள்ளை தன் ரவுட்டரில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை, ஏனெனில் அதற்கு மேலே இன்னொரு முகவரிமாற்று நடக்கிறது. இது ‘இரட்டை முகவரிமாற்று’. பின்வீட்டு ரவுட்டரை வெறும் வைஃபை புள்ளியாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் இரண்டாவது மாற்று இணைய வழங்குநரிடமே நடந்தால், அதுவும் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பில் இயங்கும் வீட்டு இணைப்புகளில் அடிக்கடி காண்பது, வீட்டில் எதைத் திருகினாலும் பயனில்லை. இதற்கு வந்துள்ள ‘பெருநிலை முகவரிமாற்று’ என்பது அளவைச் சொல்கிறதேயன்றி ஆளைச் சொல்லவில்லை. ‘வழங்குநர் முகவரிமாற்று’ என்றால் யாரிடம் முறையிட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கும். அறியும் வழியும் எளிது: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுக முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், அது 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி. 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இன்னொரு ரவுட்டர் மேலே இருக்கிறது; சில வழங்குநர்களும் 10இல் தொடங்கும் முகவரிகளைத் தருவதுண்டு.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து

அன்புள்ள ஐயா, வணக்கம்.

‘முகவரிமாற்று’, ‘வழங்குநர் முகவரிமாற்று’ இரண்டையும் தயக்கமின்றி ஏற்கிறேன். ‘உள்ளனுப்பல்’ பழகிவிடும். ஆனால் தங்கள் மூன்று படிகளில் நடுப்படி இங்கே தடுக்கி விழும். ரௌட்டர் பக்கத்தில் ‘சாத்திய’ என்று ஒரு சொல் தனியே நின்றால், தமிழ்நாட்டு வாசகர் அதைச் ‘சாத்தியமான’ என்றே படிப்பார். இணைவது சாத்தியம் என்று பொருள் கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். அடைபட்டிருப்பதைச் சொல்ல வந்த சொல் கைகூடும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ‘ஒருக்களித்த’ என்று வைத்தால் ஐயம் வராது என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது, ‘படலை’ என்ற சொல்லை இங்கே அறிந்தவர் குறைவு. மலேசியாவிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அகராதியைப் புரட்டித்தான் ரௌட்டரைச் சரிசெய்ய வேண்டும் என்றால் கையேடு எதற்கு?

மூன்றாவது, ‘துறை’ எங்களுக்கு முதலில் அரசுத் துறை. ‘துறைவழி’ என்று வரும்போது கோப்பு மேசை மேசையாக நகர்வதுபோல் தோன்றுகிறது. ‘வாயில்’ என்று சொல்லலாமே.

மேலும் மூன்று படிகள் என்பது எக்ஸ்பாக்ஸுக்குத்தான் பொருந்தும். பிளேஸ்டேஷன் 1, 2, 3 என்று எண்ணிடுகிறது. அதில் 1 என்பது ரௌட்டர் இல்லாமல் நேராக இணைந்த நிலை, ரௌட்டர் வழியாக ஒழுங்காக இணைந்தவருக்கு 2 தான் வரும். எங்கள் பிள்ளைகளில் 2 என்பதைப் பார்த்துக் குறை என்று நினைத்து, நன்றாக இருக்கும் அமைப்பைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நின்டெண்டோ ஏ, பி, சி, டி, எஃப் என்று எழுத்திடுகிறது. தங்கள் சொற்கள் இவற்றோடு எப்படி ஒட்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

‘சாத்திய’ பற்றித் தாங்கள் சொன்னது முழுக்கச் சரி; அந்த வடிவம் நிற்காது. ஆனால் ‘ஒருக்களித்த’ என்பது கதவு பாதி திறந்து கிடப்பதைச் சொல்கிறது. நடுப்படியில் பாதித் திறப்பு என்று ஒன்றில்லை. அழைக்கப்படாதவருக்கு அது முழுக்க அடைபட்டதே. சாத்துவதற்கும் பூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் ஏற்கெனவே தெளிவாக வைத்திருக்கும்போது அதை விடக்கூடாது. வினையின் முதனிலையை மட்டும் வைத்துச் ‘சாத்துநிலை’, ‘பூட்டுநிலை’ என்றால் ‘சாத்தியம்’ இடையில் நுழைய முடியாது. அதே ஒழுங்கில் முதற்படிக்குத் ‘திறப்புநிலை’ என்று வைக்கலாமென்றால் இம்முறை தடை எங்கள் பக்கம்: இங்கே திறப்பு என்றால் சாவி. ஆகவே ‘திறவுநிலை’. திறவுகோல் எங்கும் அறியப்பட்ட சொல் என்பதால் இரு கரையிலும் ஐயம் வராது.

படலையையும் விட்டுக்கொடுக்கிறேன். வேலியில் ஆள் நுழையும் இடைவெளியை நாங்கள் பொட்டு என்போம். இரு கொன்சோல்களும் ஒரே நேரத்தில் பொதி அனுப்பி வழி உண்டாக்கிக்கொள்ளும் உத்திக்குப் ‘பொட்டுப் பிரித்தல்’ என்று பெயரிட ஆசைப்பட்டேன். நெற்றியில் இடும் பொட்டை மட்டும் அறிந்தவருக்கு அது விளங்காது என்பதால் ‘துளையிடல்’ என்றே இருக்கட்டும். பொதுப்பெயர் ‘வாயில்நிலை’ என்றாகிறது. வாயில் அங்கே செலவாகிவிட்டதால் போர்ட்டுக்கு அதைத் திரும்பவும் தர முடியாது. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என்று ஊர்ப்பெயர்களோடு வாழும் எங்களுக்குத் துறை என்றால் வந்து இறங்கும் இடந்தான். தங்கள் பக்கத்திலும் துறைமுகம் என்ற சொல் வழக்கில் இருப்பதால், எண்ணோடு சேர்த்து ‘துறை 3074’ என்று எழுதும் இடத்தில் எந்த அரசு அலுவலகமும் குறுக்கிடாது என்று நம்புகிறேன்.

பிளேஸ்டேசனின் 2 என்பது குறையல்ல என்ற தங்கள் எச்சரிக்கை கையேட்டில் தனி வரியாகவே வரவேண்டும். நம் சொற்கள் அந்த எண்களின் மொழியாக்கமாக இல்லாமல் நடத்தையின் பெயர்களாக இருந்தால் சிக்கல் இல்லை. அங்கே 3 என்பது பூட்டுநிலைக்கு நெருங்கியது. 2 என்பது திறவாகவும் இருக்கலாம், சாத்தாகவும் இருக்கலாம். நின்டெண்டோவில் ஏ, பி இரண்டும் கவலைக்குரியவை அல்ல, டி பெரும்பாலும் பூட்டு, எஃப் என்பது யூடிபி முற்றாக மறிக்கப்பட்ட நிலை. இப்படி விளக்கக் குறிப்பாக எழுதினால் போதும்.

ரவுட்டர் பக்கங்களில் உள்ள ‘டிஎம்இசட்’ என்பதற்குப் ‘படைநீக்க வலயம்’ என்ற நேர் ஆக்கம் வந்திருப்பதைப் பார்த்தேன். உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, வலிகாமம் வடக்கில் தம் காணிக்குத் திரும்பக் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தக் கையேட்டை வாசிப்பார்கள். விளையாட்டு அமைப்புப் பக்கத்தில் அச்சொல் வேண்டாம். பொருளும் பொருந்தவில்லை: வீட்டு ரவுட்டரில் அந்த அமைப்பு செய்வது, யாருக்கென்று குறிக்கப்படாமல் வரும் பொதிகள் எல்லாவற்றையும் ஒரு கருவிக்கே தள்ளிவிடுவதுதான். ‘முழு உள்ளனுப்பல்’ என்றால் செயலும் தெரியும், ஆபத்தும் தெரியும்.

யூபிஎன்பி ஒரு நெறிமுறையின் பெயர் என்பதால் அப்படியே விடலாம். கொன்சோல் தனக்கு வேண்டிய துறையைத் தானே கேட்டுப் பெறுவது அதன் வேலை என்ற விளக்கத்தோடு, கையால் உள்ளனுப்பல் எழுதியவர் அதே கொன்சோலுக்கு இதையும் இயக்கிவைத்தால் இரண்டும் மோதக்கூடும் என்ற குறிப்பும் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பொக்ஸ் இருந்தால் 3074 ஒன்றுக்கே கிடைக்கும். மற்றதில் மாற்றுத் துறையைத் தெரிவு செய்ய அதன் உயர்நிலை அமைப்புகளில் இடமுண்டு.

‘வாயில்நிலை’ என்பதில் ‘முகவரி’ என்ற சொல் இல்லாதது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐபி ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட் நீளமுடையது. ஒவ்வொரு கொன்சோலுக்கும் தனி முகவரி கிடைப்பதால் முகவரிமாற்றே தேவைப்படாது. அப்போதும் ரவுட்டரின் தீச்சுவர் (ஃபயர்வால்) கேட்காமல் வரும் பொதிகளை மறிக்கும். கொன்சோல் திறவிலோ சாத்திலோ பூட்டிலோ இருக்கும். எனவே கையேட்டில் வாயில்நிலையைத் தலைச்சொல்லாகவும், முகவரிமாற்றை அந்நிலையை உண்டாக்கும் காரணங்களுள் ஒன்றாக அதன்கீழும் வைப்பதே பொருத்தம். தாங்கள் உடன்பட்டால் அட்டவணையை அந்த ஒழுங்கில் திருத்தி அனுப்புகிறேன்.